தோல் என்றால் மைனஸ் ஒன்று

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் அதிகாரியின் கண் முன்னால் மைனஸ் எண்களைச் சரியாகக் கூட்டிக் காட்டிவிட்டால், என்னை வேறு பள்ளிக்கு மாற்ற மாட்டார்கள் என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம். கணக்கில் பட்டம் வாங்கியவன், முன்மண்டையில் முடி போனவன், ஊரில் உள்ள அத்தனை பேரையும் கிண்டல் செய்து பிழைக்கிறவன், இதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதற்காக வயிற்றையும் கெடுத்துக்கொண்டேன்.

முதலில் பணிநிரவல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனால் அங்கே ஓர் ஆசிரியர் கூடுதல் ஆகிவிடுவார். அவரைத் தூக்கி, ஆள் இல்லாத இன்னொரு பள்ளியில் போடுவார்கள். மேட்டில் இருக்கிற மண்ணை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிரவுவது போல. மண்ணிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

எங்கள் பள்ளி விழுப்புரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போகிற ஓர் ஊரில் இருக்கிறது. அந்த வருடம் மேல் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் சில திரும்பி வரவில்லை. சிலர் வாசலுக்கே மஞ்சள் வேன் வருகிற பள்ளிகளுக்கு மாறிவிட்டார்கள். ஆளைக் குறைப்பதென்றால் பள்ளிக்குக் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். கடைசியாக வந்தவன் நான்.

வீடு திண்டிவனத்தில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்கிறவர்களிடம், பெண் வீட்டார் மேல் எனக்குள்ள இரக்கம்தான் காரணம் என்று சொல்லிவிடுவேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது பக்கம் ஓய்ந்துபோய்க் கட்டிலில் இருக்கிறார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார். ஆறு மணிக்கு அந்த அக்கா கிளம்பியாக வேண்டும். அவர் ஊருக்கு அதற்குப் பிறகு பஸ் கிடையாது. நான் ஐந்தே முக்கால் வாக்கில் வீட்டுக்குள் நுழைவேன். நான் செருப்பைக் கழற்றுவதற்கும் அவர் செருப்பை மாட்டுவதற்கும் நடுவில் ஒரு கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தின் மேல்தான் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. செஞ்சிக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது என்னைத் தூக்கிப் போட்டால் அது போய்விடும். பிறகு சாயங்காலத்தில் அப்பாவோடு யார் இருப்பது? விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கோமாளித்தனம்.

அந்த நம்பிக்கை எனக்குள் புகுந்த இடம் கூட்டேரிப்பட்டு. காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவது எனக்குப் பழக்கம். கம்பியில் ஒரு கை, பையில் ஒரு கை, கண் மூடியிருக்கும். அன்றைக்கு பஸ் கூட்டேரிப்பட்டில் ஆள் ஏற்ற நின்றபோது எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஏறினார். என்னைவிடச் சின்னவர், ஆனால் பள்ளியில் என்னைவிட சீனியர். என் விலாவில் ஓர் இடி இடித்தார்.

"சார், மேட்டர் தெரியுமா? வர்ற வாரம் ஆபீசர் மேடம் நம்ம ஸ்கூலுக்கு வர்றாங்களாம்."

"வரட்டும். எனக்கு இன்னா?"

"இன்னாவா? ஏழாவது கணக்கு கிளாஸ்லதான் உக்காரப் போறாங்களாம். கிளாஸ் சூப்பர்னு எழுதிட்டாங்கன்னா வெச்சுக்கோங்க, பணிநிரவல்ல கை வெக்க மாட்டாங்க சார்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

எல்லாரும் என்பவர் எங்கள் துறையில் மிகப் பெரிய அதிகாரி. அவர் சொல்லி நடக்காதது எதுவும் இல்லை, நடந்ததும் எதுவும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் நானே இந்தச் செய்திக்குக் கையும் காலும் வைத்து, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நாலு பேரைக் கதிகலங்க வைத்திருப்பேன். அன்றைக்கு என்னவோ தூக்கம் போய்விட்டது. பள்ளி வருவதற்குள் அந்த வதந்தி எனக்கு அரசாணை ஆகிவிட்டது.

தலைமையாசிரியையின் அறைக்குப் போய் நின்றேன்.

"மேடம், எனக்குப் பயமா இருக்குது."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா சார்?"

"இல்ல மேடம், நெஜமாவே. ஆபீசர் என் கிளாஸ பாக்கப் போறாங்கன்னு சொல்றாங்க."

"போன மாசம் நீங்கதானே ஆபீசர் ஜீப் வந்துட்டுதுன்னு சொல்லி எங்க எல்லாரையும் ஓட வெச்சீங்க? டீச்சரம்மா சாப்பாட்டு டப்பாவ மூடாமகூட ஓடுனாங்க. போங்க சார், மணி அடிச்சாச்சு."

வாழ்நாள் முழுக்க விளையாட்டுக்குப் பயந்து காட்டியவன் உண்மையில் பயந்தால் இதுதான் மரியாதை. ஆசிரியர் அறையில் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "சாரு புதுசா ஏதோ நாடகம் போடறாரு" என்று சிரித்தார்கள்.

இனி பாடத்துக்கு வருகிறேன். அந்த வாரம் நடத்த வேண்டியது முழுக்களின் கூட்டல். பூச்சியம், அதற்கு மேலே உள்ள முழு எண்கள், கீழே உள்ள மைனஸ் எண்கள் எல்லாவற்றையும் சேர்த்து முழுக்கள் என்கிறோம். இருக்கிற பாடத்திலேயே பேஜாரு பிடித்த பாடம் இதுதான். ஐந்துடன் மூன்றைக் கூட்டினால் எட்டு என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து தலையில் அடித்து அடித்துச் சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்பில் வந்து, ஐந்துடன் மைனஸ் மூன்றைக் கூட்டினால் இரண்டு என்றால் யார்தான் நம்புவார்கள்?

இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் ஒரு பெண், எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டிருப்பாள், ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கூட்டுனா எப்படி சார் கொறையும்?"

"மைனஸ கூட்டுனா குறையும்மா."

"அப்போ அது கழித்தல்தானே சார். அப்படியே சொல்லிட வேண்டியதுதானே?"

சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாக நானும் விதியை மனப்பாடம் செய்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் சாக்பீசால் எண்கோடு வரைந்து, பூச்சியத்தில் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னேன். குதித்தார்கள். வலது பக்கம் குதித்தவர்களும் இடது பக்கம் குதித்தவர்களும் நடுவில் மோதி, ஒருவனுக்கு உதடு வீங்கியதுதான் விடை. மாடிக்கும் தரைக்குக் கீழேயும் போகிற லிஃப்டை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். வகுப்பில் ஒருவர்கூட லிஃப்டில் ஏறியதில்லை. ஒரு பையன் மட்டும் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்ததாகவும், அதில் பேஷண்டை மட்டும்தான் ஏற்றுவார்கள் என்றும் சொன்னான்.

கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கு எப்போதோ கொடுத்த கணக்குப் பெட்டியைத் திறந்தால், இரண்டு வண்ண வில்லைகளில் ஒரு வண்ணம் அப்படியே இருந்தது, மற்றதை எலி கொறித்திருந்தது. எலிக்கும் மைனஸ் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பிறகு புளியங்கொட்டை கொண்டுவந்தேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையானது பிளஸ், தேய்க்காத கறுப்பு மைனஸ். கையில் கொடுத்த மறு நிமிடம் கடைசி பெஞ்ச் தாயம் உருட்ட ஆரம்பித்துவிட்டது. "தாயம் போட்டாச்சு சார், ஏறிக்கலாமா?" என்று என்னையே கேட்டார்கள்.

யோசனை வந்தது திண்டிவனம் பஸ் நிலையத்தில். இறங்கினால் கால் இரண்டும் கெஞ்சும். வண்டியில் வறுத்த மல்லாட்டை விற்கிறவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி உடைத்துத் தின்றுகொண்டே நின்றேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். நுனியைக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் வாயைத் திறக்கும். பருப்பை எடுத்துக்கொண்டு விட்டால், தோல் அடியில் ஒட்டியபடி மூடிக்கொள்ளும். பார்த்தால் முழுசு மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு வெறும் தோலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இதுதானே மைனஸ்? முழு மல்லாட்டை பிளஸ் ஒன்று. வெறும் தோல் மைனஸ் ஒன்று. ஒரு மல்லாட்டையும் ஒரு தோலும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூச்சியம். எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். மீதி நிற்பதுதான் விடை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டிக்காரரிடம் இரண்டு கிலோ கேட்டேன். "வீட்ல விசேசமா சார்?" என்றார். "இல்லீங்க, கணக்கு" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

தோல் வேண்டுமானால் யாராவது தின்ன வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பு மொத்தத்துக்கும் மைனஸ் தயாரிக்க வேண்டும். உடைத்தால் தோல் இரண்டாகப் பிளக்கக் கூடாது, வாய் மட்டும் திறந்து மூட வேண்டும். நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தேன். கிளம்ப நின்ற அக்கா வேடிக்கை பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, தோல எடுத்து தட்டுல வெக்கிறீங்க, பருப்ப வாயில போட்டுக்கினே இருக்கீங்க?"

"தோலுதான்கா ஸ்கூலுக்கு வேணும்."

"பசங்களுக்குத் தோலு, வாத்தியாருக்குப் பருப்பா? நல்லா இருக்குது உங்க ஸ்கூலு."

அப்பா இடது கையை நீட்டினார். வாய் கோணி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. "ஐயாவும் உடைக்கிறாராம், குடுங்க. அந்தக் கைக்காவது வேல குடுக்கச் சொல்லிக்கினுதான இருக்காரு டாக்டரு." ஒன்றைக் கொடுத்தேன். இடது கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். முதல் இரண்டு மூன்றும் நொறுங்கின. பிறகு ஒன்று சரியாக வாயைத் திறந்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். அவரால் மெல்ல முடியாது. அவர் உடைத்ததன் பருப்பையும் நான்தான் தின்றேன். வீணாக்க மனம் வரவில்லை. அக்காவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தும் நிறைய மிச்சம் இருந்தது. ஆபீசர் வருகிறார் என்கிற பயத்தில் இன்னும் கொஞ்சம் தின்றேன். காலையில் எழுந்தபோது என் வயிறு இருந்த நிலையை இங்கே எழுதுவதற்கில்லை.

அந்த நாள் வந்தது. ஜீப் வரும் என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வரவில்லை. ஸ்கூட்டியில் ஓர் அம்மா வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைவிடக் களைத்திருந்தார். நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க நடத்துங்க சார். நான் சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்."

பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள். இரண்டாவது பெஞ்சில் இரட்டைச் சடைப் பெண் தள்ளி இடம் விட்டாள். அவர் அங்கே, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். சின்ன பெஞ்ச், முழங்கால் இடித்தது.

நான் ஏற்கனவே பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தேன். "பாடம் முடியற வரைக்கும் ஒருத்தர் வாய்கூட அசையக் கூடாது. ஒரு மல்லாட்டை குறைஞ்சாலும் கணக்கு தப்பிடும். முடிஞ்சதும் எல்லாம் உங்களுக்குத்தான்." பாவம், அப்படியே இருந்தார்கள். மல்லாட்டையை முன்னால் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்காருவது எங்கள் மாவட்டத்தில் சாதாரண விஷயமில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

நான்கு மல்லாட்டை, நான்கு தோல். ஜோடி சேர்த்து ஓரம் வைக்கச் சொன்னேன். என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை. பூச்சியம். இரண்டு மல்லாட்டை, ஆறு தோல். இரண்டு ஜோடி போனது. மிச்சம் நாலு தோல். மைனஸ் நாலு. கோரஸாகப் பதில் வந்தது. நான் கொஞ்சம் நடிக்கக்கூட ஆரம்பித்தேன். கையை ஆட்டி, இப்படியும் அப்படியும் நடந்து, நானே என்னைப் பார்த்து மெச்சிக்கொண்டேன்.

"அடுத்தது. ஐந்து கூட்டல் மைனஸ் மூன்று. அஞ்சு மல்லாட்டை, மூணு தோலு எடுத்து வையுங்க."

எல்லோரும் எடுத்து வைத்தார்கள். மைனஸுக்கு ஏன் அடைப்புக்குறி போடுகிறோம் என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். முதுகைக் காட்டி எழுதியதால் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. திரும்பி, ஜோடி சேர்க்கச் சொன்னேன்.

"ரெண்டு சார்" என்று வகுப்பு கத்தியது. ஒரே ஒரு குரல் மட்டும் தயங்கித் தயங்கி, "மைனஸ் ரெண்டு சார்" என்றது. இரட்டைச் சடை.

வகுப்பில் இத்தனை பேர் இருக்க, தப்பு விடை அதிகாரியின் முழங்கைக்குப் பக்கத்திலிருந்தா வர வேண்டும்? கண் முன்னால் செஞ்சிக் கோட்டை தெரிந்தது.

அதிகாரி அவள் பக்கம் குனிந்தார். "மைனஸ் ரெண்டாம்மா? எல்லாரும் ரெண்டுன்னு சொல்றாங்க பாரு. நல்லா எண்ணு."

அவள் எண்ணினாள். மூன்று ஜோடியை ஓரம் வைத்தாள். மிச்சம் இரண்டு தோல். "மைனஸ் ரெண்டுதான் மிஸ்."

"எடுத்து வைக்கும்போதே தப்பா வெச்சிருப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே, கிணற்றுக்குள் பேசுவது போலச் சொன்னாள்.

"நான் சரியாத்தான் வெச்சேன் மிஸ். நீங்க ரெண்டு தின்னுட்டீங்க."

அதிகாரியின் வாய் மெல்வதைப் பாதியில் நிறுத்தியது. அவர் தன் கையைப் பார்த்தார். கட்டை விரல் நுனியில் மல்லாட்டை வறுத்த மணலின் கறுப்பு. அவர் திண்டிவனம் பக்கத்துக்காரர் என்பது பிறகு தெரிந்தது. முன்னால் மல்லாட்டை இருந்திருக்கிறது, கை சும்மா இருந்திருக்கிறது. தன்னை அறியாமல் எடுத்து, நுனியை அழுத்தி, பருப்பை வாயில் போட்டு, தோலை ஒழுங்காக எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே தொடர்ந்துவிட்டாள்.

"ரெண்டு மல்லாட்டை போச்சு மிஸ். அதோட தோலு ரெண்டு இங்க வந்துட்டுது. அஞ்சு இருந்தது மூணா ஆயிட்டுது, மூணு இருந்தது அஞ்சா ஆயிட்டுது. அதான் மைனஸ்."

அதிகாரி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சரி, இன்னும் ஒண்ணு சாப்பிட்டேன்னு வெய்யி. எவ்ளோ?"

"மைனஸ் நாலு." யோசிக்கக்கூட இல்லை.

"இன்னொண்ணு?"

"மைனஸ் ஆறு."

"இன்னொண்ணு?"

"மைனஸ் எட்டு. அதுக்கு மேல நீங்க தின்ன முடியாது மிஸ். மல்லாட்டை இருக்காது."

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் வகுப்பு மொத்தமும் வெடித்தது. கடைசி பெஞ்ச்காரன் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் தடுக்கவில்லை. அடுத்த நிமிடம் எல்லாப் பிளஸ்ஸும் மைனஸ் ஆகிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தோல். அந்த இரைச்சலில் இரட்டைச் சடை என்னிடம் சொன்னாள், "ஒரு தோலு சேர்ந்தா ஒரு மல்லாட்டைய அடிச்சிடுது சார். கூட்டுனா கொறையுது." குறை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். என் இருபது வருட வேலையில் அதைவிட நல்ல வார்த்தை கேட்டதில்லை.

பாடம் முடிந்ததும் தலைமையாசிரியை அறையில் எங்களுக்கு டீ வந்தது. அதிகாரி, "கிளாஸ் நல்லா இருந்துச்சு சார். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றார். எனக்கு அப்படியே கண்ணை மூடி உட்காரலாம் போல இருந்தது. தப்பித்தேன். அப்பா தப்பித்தார். கால் மணி நேரம் தப்பித்தது. இருந்தாலும் காதால் கேட்டுவிட்டால் நிம்மதி என்று, டீ தம்ளரை உருட்டிக்கொண்டே இழுத்தேன்.

"அப்போ மேடம்... பணிநிரவல்ல... நம்மள..."

"அதுக்கும் கிளாஸுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "நான் தல எண்ண வந்தேன். எத்தினி பசங்க நெஜமா வர்றாங்கன்னு பாக்கணும்ல. ஹெச்.எம் மேடம் அட்டெண்டன்ஸ் எல்லாம் எடுத்து வெக்க நேரம் ஆவும்னு சொன்னாங்க, அதான் உங்க கிளாஸ்ல காத்தாட உக்காந்தேன். ஃபேன் ஓடுற ரூம் அது ஒண்ணுதானாமே?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். முதன்முறையாக நான் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "சாருக்கு வீட்ல அப்பா முடியாம இருக்காரு மேடம்" என்றார் மெதுவாக.

அதிகாரி தம்ளரைக் கீழே வைத்தார். "கேக்க கஷ்டமாத்தான் சார் இருக்குது. நான் என்னா பண்றது? பசங்க இருந்தா நீங்க இருப்பீங்க. உங்க ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூணும் சேந்து இருக்கறது இருக்க வேண்டியதுக்குக் கம்மி. ஒருத்தர் எக்ஸ்ட்ரா. கவுன்சிலிங் வரும்போது கிட்ட இருக்கறதா பாத்து எடுத்துக்கோங்க." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "மல்லாட்டைக்கு சாரி சார்" என்றார். நான் சிரித்தேன். அதை மட்டும் எப்படியோ செய்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அறிவியல் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நொந்துபோனார். "எல்லாரும் அப்படித்தான் சார் சொன்னாங்க" என்றார். அவரை ஒரு கிண்டலாவது செய்யலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கம்பியில் கையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

கவுன்சிலிங் விழுப்புரத்தில் நடந்தது. காலையில் போய் உட்கார்ந்தவர்களை மதியம் வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேல்சித்தாமூர் பக்கம் ஓர் இடம் திரையில் இருந்தது. திண்டிவனத்திலிருந்து எப்படியும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். எனக்கு முன்னால் போன ஓர் ஆசிரியை அதை எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதார். அவர் வீட்டிலும் யாராவது இருந்திருக்கலாம். நான் உள்ளே போனபோது செஞ்சியைத் தாண்டி இரண்டு இடங்கள் மீதி இருந்தன. இரண்டில் எது கிட்ட என்று கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "ரெண்டும் தூரம்தான் சார், ஜல்தி சொல்லுங்க" என்றார். ஒன்றைச் சொன்னேன்.

இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். முழுக்கள் பாடம் வந்தபோது மல்லாட்டை வாங்கிப் போனேன். தோலைப் பிள்ளைகளே தயாரித்தார்கள். திண்டிவனத்தில் அக்கா ஆறு மணிக்கு அப்பாவுக்குத் துணி மாற்றி, தண்ணீரை இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, லைட்டைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். நான் ஏழே முக்காலுக்கு வந்து திறக்கிறேன்.